செம்மண்ணும் சுங்கவாயிலும்: யாழ்ப்பாணத் தோட்டத்தின் இலாபக் கணக்கு

“காணி சும்மா கிடக்கின்றது. தோட்டம் செய்யலாமென எண்ணுகின்றோம். குழாய்க்கிணறு ஒன்று அடிக்கவும் இறைக்கும் இயந்திரம் வாங்கவும் ஏதேனும் அனுப்பி உதவ இயலுமா?” ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளில் இத்தகைய வேண்டுகோள் புதியதன்று. பரிஸ் லாச்சப்பல் கடைத்தெருவிலோ, இலண்டன் ஈஸ்ற்ஹாமிலோ, ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ ஒரு கட்டு முருங்கைக்காயின் விலையைக் கேட்டுவிட்டு அதனை மீண்டும் பெட்டியிலேயே வைத்துத் திரும்பியவர்களுக்கு இவ்வேண்டுகோள் நியாயமாகவே தோன்றும். இங்கே பொன்விலை விற்கும் பண்டம் அங்கே எமது வேலியோரத்தில் காய்த்துத் தொங்குகின்றது. அதனைக் காசாக்கினால் என்ன?

எண்ணத்தில் பிழையில்லை. ஆயினும் பணம் அனுப்புமுன் ஒரு கேள்விக்கு விடை காண்பது நன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணி ஒரு காலத்தில் உண்மையிலேயே பெரும் இலாபம் தந்தது. அந்த இலாபத்திலே கல்வீடுகள் எழுந்தன. பெண்களுக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. எம்மிற் பலரின் பல்கலைக்கழகப் படிப்பும், முதல் விமானப் பயணமுங்கூட, வெங்காயமும் மிளகாயும் கொடுத்த காசிலேதான் நிறைவேறின. அந்த இலாபம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்தா, நீரிலிருந்தா, உழைப்பிலிருந்தா, அல்லது இவை யாவற்றுக்கும் வெளியேயிருந்த ஏதோவொன்றிலிருந்தா?

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு என நாம் பெருமையுடன் பெயர் சொல்லும் ஓடையும் மாரியிலே மட்டும் ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, சுண்ணக்கற்பாறையின் துளைகளுக்குள் இறங்கித் தங்குகின்றது. அதனைக் கிணற்றிலிருந்து மேலே தூக்கித்தான் எமது மூதாதையர் பயிர் செய்தனர். உரும்பிராய், கோண்டாவில், இணுவில், கோப்பாய், புன்னாலைக்கட்டுவன், வசாவிளான் என நீளும் வலிகாமத்துச் செம்மண் நிலம் நீரை விரைந்து உறிஞ்சி விரைந்தே கீழே விடுவது. ஆகவே மூன்று நாலு நாட்களுக்கொருமுறை இறைக்க வேண்டும். துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, மற்றவர் பட்டை பிடித்து ஊற்ற, மூன்றாமவர் வாய்க்கால் வழியே நின்று தண்ணீர் மாற, விடியற்காலையில் தொடங்கும் அவ்வேலை ஓர் ஆளின் தனித்தொழிலன்று. ஒரு குடும்பத்தின் தொழில். குழை தாழ்த்தியும் பட்டியடைத்தும் அந்த மெல்லிய மண்ணுக்கு ஊட்டம் சேர்த்தார்கள். காணி உறுதிகளில் “பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்” என்று எழுதப்பட்ட சொற்கள் வெறும் சட்டச் சொற்களல்ல. யார் எந்நாளில் எவ்வளவு நேரம் இறைக்கலாம் என்பதை ஊரே சேர்ந்து வகுத்த ஒழுங்கின் சுருக்கம் அது. (அதே கிணறுகளில் அள்ளும் உரிமை ஒரு பகுதி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டிருந்தது என்பதனையும் மறைக்காது எழுதுதல் வேண்டும். அத்தோட்டங்களில் உழைத்தவர்களிற் பெரும்பகுதியினர் அவர்களே.)

அக்காலத்தில் காசுப்பயிர் என்றாற் புகையிலை. மலையாளக் கரைக்குப் பாய்க்கப்பல்களில் ஏறிய யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஒல்லாந்தர் காலத்திலும் அதற்குப் பின்னரும் நல்ல கிராக்கி இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அச்சந்தை தேய்ந்துபோயிற்று. அதே வேளையில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் கிராமங்களுக்குள் நுழைந்தது. மூன்று பேர் அரைநாள் செய்த வேலையை அது ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் முடித்தது. 1956 இல் ‘யாழ்தேவி’ ஓடத் தொடங்கியதும், லொறிகள் பெருகியதும், கொழும்பை ஓர் இரவுத் தூரமாக்கின. கமக்காரர் புகையிலையை ஓரளவு குறைத்துச் சின்னவெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, பீற்றூட், கோவா என மாறினர். ‘வேதாளன்’ வெங்காயம், திருநெல்வேலி விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய கத்தரியும் பாகலும், நீர்வேலியின் வாழை, பந்தலில் ஏறிய முந்திரிகை எனப் பெயர்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன.

மூடிய கதவு

இங்கேதான் எமது கேள்விக்கான விடையின் பெரும்பகுதி உள்ளது. 1970 மே மாதம் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக, உள்நாட்டில் விளையக்கூடிய உணவுப் பொருட்களின் இறக்குமதியை இறுக்கி மூடியது. 1960களின் பிற்பகுதியிலேயே உருளைக்கிழங்கில் தொடங்கிய கட்டுப்பாடு, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விரிந்தது. முழு இலங்கையும் உண்ணும் செத்தல் மிளகாயையும் சின்னவெங்காயத்தையும் இந்தியாவிலிருந்து இறக்க இயலாது என்றாகிவிட்டபோது, அவற்றை வருடம் முழுவதும் இறைத்து விளைவிக்கும் அறிவும் கிணறும் இயந்திரமும் ஆயத்தமாக வைத்திருந்தவர் யாவர்? வலிகாமத்துக் கமக்காரர். விலை ஏறியது, ஏறிய விலை நின்று நிலைத்தது. ஓர் அந்தர் மிளகாய் ஒரு அரசாங்க எழுதுவினைஞரின் மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட காலம் அது.

அந்த அலை குடாநாட்டோடு நிற்கவில்லை. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் உருவாகின. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்ட அதே ஆண்டுகளில், உத்தியோகக் கனவு தடைப்பட்ட இளைஞர் சிலர் காட்டை வெட்டி மிளகாய்க் கன்று நட்டு, பட்டம் பெற்று வேலைக்குச் சென்ற தம் அண்ணன்மாரை விடக் கூடுதலாக உழைத்தனர். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பேரப்பிள்ளைகளோடு வாழும் மூத்தவர்களில் அந்த விசுவமடுக் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தாதோர் உளர்.

ஆனால் அந்தப் பொற்காலத்தின் மறுபக்கத்தைப் பேசுவோர் குறைவு. கமக்காரனுக்குக் கிடைத்த உயர்ந்த விலையை யாரோ ஒருவர் கொடுத்தே தீரவேண்டும். கொழும்பில் வாடகை வீட்டில் இருந்த சம்பளக்காரன் கொடுத்தான். மலையகத் தோட்டத் தொழிலாளி கொடுத்தான். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தேயிலைத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அங்கிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட குடும்பங்கள் பல, வன்னியின் புதிய தோட்டங்களில் மிகக் குறைந்த கூலிக்கு மிளகாய் ஆய்ந்தன. ஒரே மொழி பேசுவோரில் ஒருவருக்குச் செழிப்பும் மற்றவருக்குப் பசியும் ஒரே கொள்கையிலிருந்து பிறந்தன. இதனை எழுதுவது அக்காலத்துக் கமக்காரரைக் குறைசொல்வதற்கன்று. அவர்கள் நேர்மையாக உழைத்தார்கள். ஆயினும் அந்த இலாபத்தின் ஊற்று அவர்களது தோட்டத்துக்குள் மட்டும் இருக்கவில்லை என்பதே எமது வாதம்.

அதற்கான நிரூபணமும் விரைவிலேயே வந்தது. 1977 யூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் என்ற பெயரில் இறக்குமதிக் கதவு திறந்தது. மண் அதே மண். கிணறு அதே கிணறு. உழைத்த கைகளும் அவையே. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் வந்து இறங்கியதும் விலை சரிந்தது. கடன்பட்டு இயந்திரம் வாங்கியவர்கள் திகைத்து நின்றனர். வடக்கின் இளைஞர் மத்தியில் அந்நாட்களில் மூண்ட சினத்துக்குப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. வெங்காய விலையை அவற்றுள் ஒன்றாக எண்ணும் ஆய்வாளர்கள் உளர், அது பொருத்தமே.

பின்னர் வந்தவற்றை விரித்தெழுத வேண்டியதில்லை. வாசகர்களிற் பலர் அவற்றினூடாக நடந்தே இங்கு வந்து சேர்ந்தவர்கள். 1990 இல் புகையிரதம் நின்றது. மண்ணெண்ணெயும் உரமும் பொருளாதாரத் தடைப் பட்டியலில் சேர்ந்தன. பலாலி, வசாவிளான், மயிலிட்டி எனக் குடாநாட்டின் மிகச் சிறந்த செம்மண் நிலத்தின் ஒரு பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. பிற்காலத்தில் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டாலும் இன்றுவரை அது முற்றாக மீளவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமமே வெறிச்சோடியது. ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009 இல் மீண்டும் திறந்தது. ஒவ்வொருமுறை பாதை மூடியபோதும் விளைந்த வெங்காயம் ஊரிலேயே மலிந்து கிடந்தது. ஒவ்வொருமுறை திறந்தபோதும் தெற்கிலிருந்து வந்த லொறிகள் சந்தையை நிரப்பின.

இன்றைய கதவு

இன்று இறக்குமதிக் கதவு முற்றாக மூடியதுமன்று, முற்றாகத் திறந்ததுமன்று. 2007 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ் விதிக்கப்படும் விசேட பண்ட அறவீடு என்ற வரியை அரசு வேண்டியபோது கூட்டுகின்றது, வேண்டியபோது குறைக்கின்றது. உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் இவ்வரி ஒரே இரவில் மாறிய சந்தர்ப்பங்கள் உள. அறுவடைக்கு முதல்வாரம் வரி கூடினால் கமக்காரன் தப்பினான். குறைந்தால் அவனுடைய மூன்றுமாத உழைப்பு கொழும்புத் துறைமுகத்திலே தீர்ந்தது. அயல்நாட்டின் முடிவுகளும் எம்மைத் தாக்குகின்றன. 2023 டிசெம்பரில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்து 2024 மே மாதத்தில் அத்தடையை நீக்கியது. டில்லியில் உள்நாட்டு விலையைக் கருதி எடுத்த முடிவு அது. வேதாளன் நட்ட ஒருவர் அதனை முன்கூட்டியே அறியும் வழி எது?

விலையைக் குலைப்பது அரசு மட்டுமன்று. சின்னவெங்காயம் இரண்டு, இரண்டரை மாதத்தில் முதிரும் பயிர். ஒரு போகத்தில் நல்ல விலை கிடைத்தால் அடுத்த போகத்தில் அயலவர் யாவரும் வெங்காயமே நடுவர். எல்லோருடையதும் ஒரே கிழமையில் கிண்டப்படும். விலை விழும். மனமுடைந்து மறுமுறை பலர் கைவிட, விலை மீண்டும் ஏறும். பொருளியல் நூல்கள் இதனைச் சிலந்திவலைச் சுழற்சி என்று கூறும். இதனின்று ஓரளவு தப்பும் வழி, விளைந்ததை உடனே விற்காமல் வைத்திருக்கும் வசதியே. எமது பாட்டன்மார் வெங்காயத்தைத் தாளோடு பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டமான கொட்டிலில் தூக்கி வைத்தது இதற்காகவே. அக்கொட்டில்களிற் பல இன்று இல்லை. அவற்றை மீண்டும் கட்டுவதற்குப் பணம் கேட்போரும் குறைவு. இயந்திரத்துக்கே கேட்கின்றனர். எம்மைக் கேட்டால், முதலில் கொட்டிலுக்கே கொடுக்கலாம் என்போம்.

சந்தையில் நடப்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுசென்றால் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துவிட்டு மிகுதிக்கே காசு கொடுக்கும் வழக்கம் பற்றிய முறைப்பாடு நெடுநாளையது. அழுகலையும் மண்ணையும் ஈடுசெய்யவே கழிவு என்பர் வியாபாரிகள். கழுவித் துடைத்துக் கொண்டுசென்ற கத்தரிக்காயிலும் கழிக்கின்றார்களே என்பர் கமக்காரர். வடக்கில் விளைந்த மரக்கறி தம்புள்ளைக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் வடக்குக் கடைகளுக்கே திரும்பும் விந்தையும் உண்டு. 1999 இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி விலையைத் தீர்மானிக்கும் இடமாக வளர்ந்துவிட்டது. சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் அதிகாலையில் கேட்கப்படும் விலை, தம்புள்ளையில் முதல்நாள் இரவு என்ன விலை போயிற்று என்பதன் எதிரொலியே.

செலவின் பக்கத்தைப் பார்ப்போம். 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு அதே ஆண்டின் இறுதியில் அத்தடை தளர்த்தப்பட்டது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. மீனவருக்கும் தோட்டக்காரருக்கும் அது இடிபோல் விழுந்தது. மூன்று நாளுக்கொருமுறை இறைக்கும் ஒருவர் அவ்வாண்டின் கணக்கை எழுதியிருந்தால், வெங்காயத்தைவிட மண்ணெண்ணெய்க்கே பயிர்செய்தது போல் இருந்திருக்கும். மின்சார இயந்திரமும் சூரியவொளி இயந்திரமும் இதன் பின்னரே பலரின் பேச்சில் இடம்பிடித்தன.

இன்னுமொரு செலவு உண்டு. அது எந்தக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. இக்கட்டுரையாளர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய காலத்தில், தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளான மாணவர்களிடம் தம் வீட்டுத் தோட்டத்தின் ஒரு போக வரவுசெலவை எழுதிவருமாறு கூறுவதுண்டு. விதை, உரம், கிருமிநாசினி, எண்ணெய், உழவுகூலி யாவும் சதம் பிசகாது வரும். புல்லுப் பிடுங்கிய தாயின் கூலி, தண்ணீர் மாறிய தந்தையின் கூலி, பாடசாலை விட்டு வந்து மிளகாய்ப்பழம் ஆய்ந்த தங்கையின் கூலி ஆகியன ஒருவரது தாளிலும் இராது. அவற்றைச் சேர்த்தெழுதச் சொன்னால் இலாபம் பெரும்பாலும் மறைந்துவிடும். பழைய இலாபத்தில் ஒரு பங்கு இவ்வாறு எழுதப்படாத கூலியே. இன்று அத்தாய் முதியவள். அத்தங்கை இங்கே எம்மோடு சுவிற்சலாந்தில் இருக்கின்றாள். ஊரில் அவ்வேலைக்கு ஆளைப் பிடிக்க வேண்டும், பிடித்தால் நாட்கூலி கொடுக்க வேண்டும்.

கிணற்றின் அடியில்

இவை யாவற்றையும்விடப் பெரியது நீர். குடாநாட்டின் நிலத்தடி நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்றே இலேசானது என்பதே காரணம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாரின் பொதுக்கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் உவர்நீர் கீழிருந்து நாற்பது அடி மேலேறக்கூடும். நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பது வாசகர் பலரும் அறிந்ததே. குடாநாடு முழுவதும் ஒரு பெரிய நிலாவரைதான்.

ஆகவே குழாய்க்கிணற்றை ஆழமாக அடித்தால் நீர் கூடும் என்ற எண்ணம் வன்னியின் கற்பாறை நிலத்துக்குப் பொருந்தலாம், சுண்ணக்கல்லுக்குப் பொருந்தாது. இங்கே ஆழம் என்பது உப்பு. நம்மவர் அகலமாகவும் ஆழங்குறைவாகவும் கிணறு வெட்டியது அறியாமையாலன்று. வில்லையின் மேற்பரப்பிலிருந்து மெதுவாக அள்ளும் முறை அது. ஒருவர் ஆழத் துளைத்து வலிய இயந்திரத்தைப் பூட்டினால், அவரது கிணறு மட்டுமன்று, அயற்கிணறுகளும் உவர்க்கும். உவர்த்த கிணறு மீள ஓரிரு மாரி போதாது. வெளிநாட்டிலிருந்து சென்ற ஒரு சிறுதொகை ஓர் ஒழுங்கையின் குடிநீரைக் கெடுக்கவும் வல்லது.

பயிருக்கும் இது நேரடியாகத் தாக்கும். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டியதுமே அதன் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய் 1.5 வரையும் பீற்றூட் 4 வரையும் தாங்கும். போஞ்சியும் கரட்டும் வெங்காயத்தைவிட மென்மையானவை. கிணற்றுநீர் சற்றே உவர்த்த ஊரில் எதை நடலாம், எதை நடலாகாது என்பதை இவ்வெண்களே கூறிவிடும்.

உரத்தின் பங்கும் உண்டு. செம்மண்ணில் அளவுக்குமீறி இட்ட யூரியா, அளவுக்குமீறி இறைத்த நீரோடு கீழிறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றில் சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. செறிந்த தோட்டப் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980கள் முதல் ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. இதில் ஓர் அவசியமான செய்தியை ஊரிலுள்ள உறவினருக்குத் தயவுசெய்து சொல்லிவையுங்கள். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டக் கிணற்றுநீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைத்தல் ஆகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை அது குறைக்கும். நீர் கெடுதல் தோட்டத்தினால் மட்டும் நேர்வதன்று. சுன்னாகத்தில் மின்நிலையமொன்றின் எண்ணெய் கிணறுகளிற் கலந்த விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்று, 2019 இல் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டளையிடப்பட்டது.

அங்ஙனமாயின் தோட்டமே வேண்டாமா? அவ்வாறன்று. நீரைக் குறைத்து விலையைக் கூட்டும் பயிர்களைப் பார்க்க வேண்டும். பழமரங்கள் இவ்வகையில் சிந்திக்கத்தக்கன. கறுத்தகொழும்பான் மாவும், மாதுளையும், முருங்கையும் ஒருமுறை வேரூன்றியபின் வெங்காயம்போல் நீர் கேளா. யாழ்ப்பாண முருங்கை தமிழகத்திலும் அப்பெயராலேயே அறியப்பட்ட இனம். சொட்டுநீர்ப்பாசனம் இவற்றுக்கு இயல்பாகப் பொருந்தும். வெங்காயப் பாத்திக்குத் தூவல் முறை பொருந்தும். வாய்க்காலில் வீணாகும் நீரையும் எண்ணெயையும் அது மிச்சப்படுத்தும். வாழை நல்ல வருவாய் தரும், ஆனால் காற்றுக்கு அஞ்சும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் வந்துபோனபோது வாழைத்தோட்டக்காரர் பட்ட பாட்டை நீர்வேலியில் விசாரித்தறியலாம். முந்திரிகை பற்றி எமக்குத் தயக்கம் உண்டு. ‘இஸ்ரேல் புளூ’ இனத்தைக் கத்தரித்துவிட்டால் நாலு மாதத்துக்குள் பழம் தரும், ஆண்டுக்கு இருமுறை வெட்டலாம் என்பது உண்மை. ஆயினும் பந்தலுக்கான முதல் பெரிது. மாரியில் பூஞ்சணத்துக்கு மருந்தடித்தே மாளும். விதையில்லாத வெளிநாட்டு முந்திரிகை கடைத்தட்டில் வந்து நிற்கும்போது எமது தடித்த தோற்பழத்தை நாடுவோர் குறைவு.

ஏற்றுமதி செய்து இங்குள்ள விலையைப் பிடிக்கலாமே என்று கேட்போருக்கு: 2019 டிசெம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் புதிய பழம், மரக்கறி யாவற்றுக்கும் பயிர்ச்சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், டூரியன் ஆகிய ஐந்துக்கே விலக்கு. பயணப்பெட்டிக்குள் அம்மா வைத்துவிடும் மாம்பழத்துக்கும் இதே சட்டந்தான். மாம்பழத்துக்குப் பழ ஈ தொடர்பான மேலதிக நிபந்தனைகளும் உண்டு. பழ ஈ காரணமாக 2014 மே முதல் இந்திய மாம்பழமே ஐரோப்பாவில் சில மாதங்கள் தடைசெய்யப்பட்டிருந்தது. ஆகவே லாச்சப்பலில் நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி விமானக் கட்டணத்துக்கும், பொதிசெய்யும் நிலையத்துக்கும், சான்றிதழுக்கும், இடையில் அழுகிப்போனதற்கும் உரியது. தனியொரு தோட்டக்காரனால் இவற்றைச் செய்ய இயலாது. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து ஒரே இனத்தை நட்டு, ஒரே தரத்தில் பிரித்து, ஒரே இடத்தில் பொதிசெய்தாலன்றி அக்கதவு திறவாது. இங்குள்ள ஊர்ச்சங்கங்கள் கோயில் மண்டபங்களுக்குத் திரட்டும் நிதியில் ஒரு சிறுபங்கு இதற்குத் திரும்பினால் எவ்வளவோ செய்யலாம் என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.

காணி பற்றியும் ஒரு சொல். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைக் குடியுரிமையற்றவர் அங்கு காணி வாங்க இயலாது. பிரெஞ்சு, கனடிய, ஜேர்மன் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்களும் இதில் அடங்குவர். இரட்டைக் குடியுரிமை உடையோருக்குத் தடையில்லை. பெற்றோரிடமிருந்து மரபுரிமையாய் வரும் காணியைப் பெறவும் தடையில்லை. தம்பியின் பெயரில் வாங்கிவைக்கலாம் என்போர் சட்டத்தரணி ஒருவரைக் கேட்டபின் செய்வது நலம். காணியை வேறொருவர் பத்தாண்டுகளுக்குமேல் தமதெனவே கருதித் தடையின்றி ஆண்டுவந்தால் ஆட்சியுரிமை கோரக்கூடும் என்பதால், குத்தகைக்குக் கொடுப்போர் எழுத்திலே கொடுக்க வேண்டும். உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் குறிக்கப்பட்டுள்ளனவா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு பரப்புத் தோட்டக்காணியைப் பிரித்து விற்றபோது இரண்டு பரப்புக்கு நீர்வழியே இல்லாமற் போன கதைகள் பல.

இறுதியாக, கிணற்றுநீரைப் பரிசோதித்து அறிக்கை அனுப்பும்படி கேட்பவர்கள், எந்த மாதத்தில் எடுத்த நீர் என்பதையும் கேட்டெழுத வேண்டும். மாரி முடிந்த தையிலே அள்ளிய நீர் பெரும்பாலான கிணறுகளில் நன்றாகவே இருக்கும். ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முந்திய கடைசி வாரங்களில், காலையில் ஒருமுறையும், இரண்டு மணி நேரம் இறைத்தபின் ஒருமுறையும் எடுத்து அளக்கச் சொல்லுங்கள். மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி அதிக விலையன்று. இங்கிருந்து செல்பவர் சட்டைப் பையிலேயே கொண்டுபோகலாம். இரண்டாவது அளவு முதலாவதைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், அக்கிணற்றுக்குப் புதிய இயந்திரம் வாங்கப் பணம் அனுப்ப வேண்டாம்.